கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், ஓங்கர் என்ற சிற்றூரை அடுத்து, வயல்களுக்கு நடுவே கிரீன்ஸ்டெட் இருக்கிறது. அங்கேதான் புனித அந்திரேயா ஆலயம். மரச்சுவர் கொண்ட இந்தச் சிறிய சேகர ஆலயத்தைப் பற்றி உலவும் கதைகள் ஏராளம். அவற்றில் பாதி உண்மை, கால்வாசி ஆசை, மிச்சம் ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதியது. இங்கிலாந்துக்குப் போகிறவர்களும் பழைய கட்டடங்களில் ஆர்வம் உள்ளவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

ஆலயம் எவ்வளவு பெரியது?

மிகச் சிறியது. மரச்சுவர் சூழ்ந்த நடுமண்டபம் ஏறக்குறைய 30 அடி நீளம். அகலம் அதில் பாதிதான். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறைக்குள் அடங்கிவிடும். மேற்கே வெள்ளை அடித்த பலகைக் கோபுரம், நடுவில் மரச்சுவர் மண்டபம், கிழக்கே பலிபீடம் இருக்கும் செங்கல் பகுதி. வெளியே நின்று இடமிருந்து வலமாகப் பார்த்தால் வெவ்வேறு நூற்றாண்டுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பது தெரியும்.

உலகிலேயே மிகப் பழமையான மரத் தேவாலயம் என்கிறார்களே, உண்மையா?

இன்றும் நின்றுகொண்டிருக்கும் மரத் தேவாலயங்களில் மிகப் பழமையானது என்று சொன்னால் அதிகம் பேர் மறுக்க மாட்டார்கள். நார்வேயின் புகழ்பெற்ற மரத் தேவாலயங்கள் அழகிலும் உயரத்திலும் இதை எங்கோ விட்டுவிடும். ஆனால் அவற்றில் பழமையானதாகப் பேசப்படும் உர்னெஸ் ஆலயம்கூட 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரீன்ஸ்டெட் அதற்கு முந்தியது என்பதே பொதுவான கருத்து.

"உலகின் மிகப் பழைய மரக் கட்டடம்" என்று சிலர் ஒரு படி மேலே போய் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஜப்பானின் ஹோர்யூஜி பௌத்தக் கோயில் இதைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிரீன்ஸ்டெட்டில் பழமையானவை நடுமண்டபத்தின் சுவர் மரங்கள் மட்டுமே. கூரை, சன்னல்கள், கோபுரம், பலிபீடப் பகுதி எல்லாம் பின்னால் வந்தவை.

மரத்தின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முன்பு 845 என்று சொன்னது என்ன ஆயிற்று?

மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலமாக இருக்கும். வறண்ட ஆண்டில் ஒடுங்கும். ஒரே வட்டாரத்து மரங்களில் இந்த அகலமும் ஒடுக்கமும் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமையும். ஆகவே, ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு ஆண்டு தெரியாத மரத்தின் வரிசையை ஒட்டிப் பார்த்து, எங்கே பொருந்துகிறது என்று கண்டுகொள்ளலாம்.

1960களில் செய்த கணிப்பில் 845 என்ற ஆண்டு வந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பழைய அரசர் ஆல்பிரட் பிறப்பதற்கும் முந்திய காலம்! ஊர்க்காரர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த எண் அச்சிலும் பெயர்ப்பலகைகளிலும் ஏறிவிட்டது. 1995இல், அதற்குள் வளர்ந்துவிட்ட ஒப்பீட்டு வரிசைகளை வைத்து மறுபடி ஆராய்ந்தபோது கணக்கு மாறியது. இந்த முறை கிடைத்த ஆண்டு 1053.

ஆனால் 1053 என்பது மரத்தை வெட்டிய ஆண்டு இல்லை. ஓக் மரத்தில் நடுவே வைரம் என்னும் கெட்டியான உள்மரம், அதைச் சுற்றி வெளிறு என்னும் மென்மையான மரம், அதற்கு வெளியே பட்டை. வெளிறுதான் முதலில் உளுத்துப் போகும். தச்சர்களும் பெரும்பாலும் அதைச் செதுக்கி எறிந்துவிடுவார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் கைக்குக் கிடைக்காவிட்டால், காணாமல் போன வெளிறுக்கு எத்தனை ஆண்டு சேர்ப்பது என்று உத்தேசமாகவே சொல்ல முடியும். ஓக்கைப் பொறுத்தவரை அதைக் குறைந்தது 10, மிஞ்சிப்போனால் 55 ஆண்டு என்று வைத்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் மரங்கள் வெட்டப்பட்டது 1060களுக்கும் 1100களின் தொடக்கத்துக்கும் இடையில்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் சாக்சன் அரசரை வென்று இங்கிலாந்தைப் பிடித்த 1066 இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. "சாக்சன் தேவாலயம்" என்று எல்லோரும் சொல்லும் இந்தக் கட்டடம் நார்மன் ஆட்சி வந்த பிறகு எழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கட்டிய முறை சாக்சன் முறை என்பதில் ஐயமில்லை. அரசன் மாறிய மறுநாளே தச்சன் தொழிலை மாற்றிக்கொள்வதில்லையே.

சுவரை எப்படிக் கட்டியிருக்கிறார்கள்?

என்னைக் கேட்டால், இந்த ஆலயத்துக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓக் மரத்தை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள். உருண்டைப் பக்கம் வெளியே, தட்டைப் பக்கம் உள்ளே. வெளியிலிருந்து பார்த்தால் அடுக்கி நிறுத்திய மரங்களாகத் தெரியும் சுவர், உள்ளே வந்தால் கிட்டத்தட்டச் சமதளமாக இருக்கும். உள்பக்கத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள்: வாச்சியால், அதாவது மரம் செதுக்கும் தச்சுக் கருவியால், செதுக்கிய வெட்டுகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. கதவு வழியாக வரும் வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். வாச்சி எந்தப் பக்கமாக இறங்கியது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இரண்டு மரங்களை அடுத்தடுத்து நிறுத்தினால் நடுவே இடுக்கு விழும்; காற்றும் மழைச்சாரலும் உள்ளே வரும். அதற்காக ஒவ்வொரு மரத்தின் பக்கவாட்டிலும் மேலிருந்து கீழ்வரை காடி (நீளப் பள்ளம்) எடுத்து, இரண்டு காடிகளுக்கும் பொதுவாக ஒரு மெல்லிய ஓக் பட்டியைச் செருகியிருக்கிறார்கள். மரம் கோடையில் சுருங்கினாலும் மழைக்காலத்தில் உப்பினாலும் பட்டி காடிக்குள் நகர்ந்து கொடுக்கும், இடுக்கு திறக்காது. இன்றைய தச்சரும் பலகைகளை இணைக்க இதே வேலையைத்தான் செய்கிறார். இயந்திரம் வந்திருக்கிறது, உத்தி மாறவில்லை.

அன்று சன்னல் என்று சொல்லும்படி எதுவும் இருந்திருக்காது. கூரையில் இப்போது இருக்கும் மாடச் சன்னல்களை மறந்துவிட்டுக் கற்பனை செய்து பாருங்கள்: பட்டப்பகலிலும் விளக்கொளியில் வழிபாடு.

கல்லில் ஏன் கட்டவில்லை?

எசெக்ஸில் கட்டடத்துக்கு ஆகும் நல்ல கல் இல்லை. களிமண், சக்கிமுக்கிக் கல், ரோமானியர் விட்டுச்சென்ற பழைய செங்கற்கள், அவ்வளவுதான். காட்டில் ஓக் மரம் கிடைத்தது. சாக்சன் காலத்தில் இங்கிலாந்து முழுக்கவே பெரும்பாலான கட்டடங்கள் மரத்தால் ஆனவைதான். மற்றவை எரிந்தன, அழுகின, அல்லது கையில் காசு சேர்ந்ததும் இடிக்கப்பட்டுக் கல்லாக மாறின. கிரீன்ஸ்டெட்டில் வித்தியாசமாக எதுவும் கட்டப்படவில்லை; அன்றைய சாதாரணக் கட்டடம் ஒன்று இங்கே தப்பிப் பிழைத்தது.

இதற்கு முன்பு அதே இடத்தில் ஏதாவது இருந்ததா?

இருந்தது. 1960இல் பலிபீடப் பகுதியின் தரைக்குக் கீழே அகழ்ந்து பார்த்தபோது, இப்போதைய கட்டடத்துக்கு முந்திய இரண்டு மரக் கட்டடங்களின் தடங்கள் கிடைத்தன. மரம் போய்விட்டாலும், அது ஊன்றப்பட்டிருந்த குழி மண்ணின் நிறத்தில் தங்கிவிடும். அவற்றை 6ஆம் அல்லது 7ஆம் நூற்றாண்டு என்று எழுதுவது வழக்கம். இந்த வட்டாரத்துக் கிழக்கு சாக்சன்களிடம் செட் என்ற துறவி கிறிஸ்தவ ஊழியம் செய்ய வந்தது 653ஐ ஒட்டி. ஆகவே அவை ஆலயங்கள் என்றால், 6ஆம் நூற்றாண்டு என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

எட்மண்ட் அரசரின் உடல் இங்கே வைக்கப்பட்டதாமே?

கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் எட்மண்ட் 869இல் டேனியர்களால், அதாவது டென்மார்க் பக்கமிருந்து வந்த படையெடுப்பாளர்களால், கொல்லப்பட்டார். விசுவாசத்தை விட மறுத்ததால் அம்புகளால் துளைத்துத் தலையைக் கொய்தார்கள் என்பதும், வெட்டுண்ட தலையை ஓர் ஓநாய் காத்து நின்றது என்பதும் பின்னால் வளர்ந்த புனிதர் கதை. அவர் உடல் பிற்காலத்தில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்று பெயர் பெற்ற ஊரில் இருந்தது. 1010இல் டேனியர் மறுபடி தாக்கியபோது துறவிகள் உடலை லண்டனுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். 1013இல் திருப்பி எடுத்து வந்தார்கள். வழியில் ஓங்கருக்கு அருகே உடல் தங்கியதாகவும், அதன் நினைவாக ஒரு மரச் சிற்றாலயம் இன்றளவும் இருப்பதாகவும் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தின் பழைய ஏடு ஒன்று சொல்கிறது.

"ஓங்கருக்கு அருகே மரச் சிற்றாலயம்" என்றால் கிரீன்ஸ்டெட்டைத் தவிர வேறு எதை நினைப்பது? எல்லோரும் அப்படியே நினைத்தார்கள். மரங்களின் வயது 845 என்று இருந்தவரை கதை அழகாகப் பொருந்தியது: உடலை இறக்கி வைத்தது இதே சுவர்களுக்கு நடுவில்! 1995க்குப் பிறகு அது முடியாது. 1013இல் இந்தச் சுவர் மரங்கள் இன்னும் காட்டில் வளர்ந்துகொண்டிருந்தன. பயணம் இந்த வழியாக நடந்திருந்தால், உடல் தங்கியது இதற்கு முன்பு இருந்த ஆலயத்தில் இருக்கலாம். அல்லது, ஏட்டின் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், உடல் தங்கிய இடத்தின் நினைவாகப் பிறகு எழுந்ததே இந்த ஆலயம் என்றும் சொல்லலாம். இரண்டாவது விளக்கம்தான் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

வடக்குச் சுவரில் இருக்கும் சிறு துவாரம் தொழுநோயாளிகளுக்கானதா?

அப்படித்தான் சொல்லுவார்கள்: உள்ளே வர அனுமதி இல்லாத தொழுநோயாளிகள் வெளியே நின்று அந்தத் துவாரம் வழியாக ஆசீர்வாதம் பெற்றார்களாம். இங்கிலாந்தின் பல பழைய ஆலயங்களில், காரணம் தெரியாத எந்த ஓட்டைக்கும் இதே கதையைச் சொல்லும் பழக்கம் உண்டு. உள்ளே வருகிறவர்கள் கைநனைத்துச் சிலுவை அடையாளம் போடும் தீர்த்தக்கல்லுக்கான மாடமாக அது இருந்திருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. எனக்கு மாடம்தான் நம்பும்படி இருக்கிறது.

வாசலருகே இருப்பது சிலுவைப் போர் வீரனின் கல்லறையா?

12ஆம் நூற்றாண்டுக் கல்லறை என்றும், சிலுவைப் போருக்குப் போய்த் திரும்பிய ஒரு வில்வீரனுடையது என்றும் சொல்லப்படுகிறது. பெயர் இல்லை. பழைய கல் என்பது வரை நம்பலாம்.

செங்கல் பகுதியும் கோபுரமும் எப்போது வந்தன?

மர ஆலயத்துக்குக் கிழக்கே நார்மன் காலத்தில் சக்கிமுக்கிக் கல்லால் ஒரு பலிபீடப் பகுதி எழுப்பப்பட்டது. அதன் அடித்தளத்தில் கொஞ்சமும், பாத்திரங்கள் கழுவிய நீரை ஊற்றும் கல்தொட்டி ஒன்றும் மிஞ்சியிருக்கின்றன. 1500ஐ ஒட்டி, டியூடர் காலத்தில், அது செங்கல்லால் மாற்றிக் கட்டப்பட்டது. இன்று பார்ப்பது அந்தச் செங்கல்தான். வெயில் பட்டால் மரச்சுவரின் சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு தனியாகத் தெரியும். கூரை ஓடுகளும் மாடச் சன்னல்களும் அந்தக் காலத்தில் வந்தவை என்பார்கள். உள்ளே எப்போது வெளிச்சம் வந்தது என்று கேட்டால் அதுவே பதில்.

கோபுரம் 17ஆம் நூற்றாண்டினது என்பது வழக்கமான கணிப்பு. அதற்கும் மூத்ததாக இருக்கலாம். அதிலுள்ள ஒரு மணியில் "வில்லியம் லேண்ட் என்னைச் செய்தார், 1618" என்று பொறித்திருக்கிறது. மணியே பேசுவதுபோல எழுதுவது அந்தக் கால வார்ப்புக்காரர்களின் வழக்கம்.

விக்டோரியா காலத்தில் பழுதுபார்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்களே?

18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே லண்டன் பழம்பொருள் ஆர்வலர் கழகம் இந்த ஆலயத்தைச் செப்புத்தகட்டில் வரைந்து வெளியிட்டிருக்கிறது. ஆகவே, சுவர்கள் அபூர்வமானவை என்பது பழுதுபார்த்தவர்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. 1848-49இல் வேலை தொடங்கியபோது மரங்களின் அடிப்பாகம் ஈரத்தில் உளுத்துப்போயிருந்தது. உளுத்ததை அறுத்து எடுத்துவிட்டு, செங்கல் வரிசை ஒன்றைக் கட்டி, அதன்மேல் அடிச்சட்டம் போட்டு, மரங்களை அதில் நிறுத்தினார்கள். கூரையைப் புதுப்பித்தார்கள், மாடச் சன்னல்களை மாற்றினார்கள், உத்தரங்களில் சிற்ப வேலை சேர்த்தார்கள்.

கூரைச் சிற்பங்கள் கொஞ்சம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிப்பாகத்தை அறுத்ததைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தொல்லியலாளர்களுக்கு வேண்டிய ஒரு சாட்சி அதோடு போனது உண்மை. மரம் மண்ணையோ ஈரத்தையோ தொடும் இடத்தில்தான் அழுகும். தொடாத இடத்தில் ஓக் வைரம் எத்தனை நூற்றாண்டும் நிற்கும். அன்று அறுத்து மேலே தூக்கியிராவிட்டால் இன்று ஆராய்வதற்குச் சுவரே இருந்திருக்காது.

சேகரம் என்று எழுதுகிறீர்கள். இங்கிலாந்தில் அதற்கு என்ன பொருள் இருந்தது?

வழிபாட்டோடு முடிகிற காரியம் இல்லை அது. ஒரு சேகரம் என்றால் எல்லை வகுத்த நிலப்பரப்பு. அதற்குள் இருக்கும் எல்லோரும், ஆலயத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும், அந்த ஆலயத்துக்கு உட்பட்டவர்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாகக் குருவானவருக்குப் போகும். 1538இல் தாமஸ் குரோம்வெல் போட்ட ஆணைப்படி ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டும். 1601ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பும் அதற்கான வரியும் சேகரத்தின் தலையில் விழுந்தன. இன்றைய ஊராட்சி, பதிவாளர் அலுவலகம், நலத்திட்ட அலுவலகம் மூன்றும் ஆலயத்தின் கூரைக்குக் கீழே இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆலயமும் பழைய பண்ணை மாளிகையான கிரீன்ஸ்டெட் ஹாலை ஒட்டியே நிற்கிறது. நிலக்கிழார் தன் வீட்டருகே கட்டிக்கொண்ட சிற்றாலயம் காலப்போக்கில் ஊரின் சேகர ஆலயமாவது இங்கிலாந்தில் பரவலாக நடந்த ஒன்று.

இவ்வளவு பழையதை ஏன் இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டவில்லை?

நான் புரிந்துகொண்ட வரையில், கட்டுவதற்கு யாருக்கும் தேவை வரவில்லை, பணமும் வரவில்லை. சந்தை ஊரான ஓங்கர் பக்கத்திலேயே இருந்தது. வியாபாரமும் கூட்டமும் அங்கே போயின. கிரீன்ஸ்டெட் சில பண்ணைகளோடு நின்றுவிட்டது. ஆட்டு ரோமத்தில் பணம் குவிந்த சஃபோக் ஊர்களைப் பாருங்கள். லேவன்ஹாம், லாங் மெல்ஃபோர்டு போன்ற இடங்களில் வானளாவிய கல் ஆலயங்கள் எழுந்தன. அவற்றுக்கு முன்பு அங்கே இருந்த சிறிய ஆலயங்களின் முகம் யாருக்கும் தெரியாது.

டால்படில் தியாகிகளுக்கும் இந்த ஆலயத்துக்கும் என்ன தொடர்பு?

டார்செட் மாவட்டத்து டால்படில் கிராமத்தைச் சேர்ந்த ஆறு விவசாயக் கூலிகள், கூலி குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. ஆகவே, இரகசியச் சத்தியம் செய்துகொண்டார்கள் என்று வேறொரு சட்டத்தைத் தேடிப் பிடித்து, 1834 மார்ச்சில் ஆளுக்கு ஏழு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். நாடு முழுக்கக் கிளர்ச்சி எழுந்தது. 1836இல் மன்னிப்புக் கிடைத்தது. திரும்பி வந்து சேர 1837 முதல் 1839 வரை ஆயிற்று.

அவர்களுக்காக லண்டனில் நிதி திரட்டிய குழு, எசெக்ஸில் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தது. ஒன்று கிரீன்ஸ்டெட்டின் நியூ ஹவுஸ் பண்ணை. இன்னொன்று அருகில் ஹை லேவரில். ஜார்ஜ் லவ்லெஸ், அவர் தம்பி ஜேம்ஸ், தாமஸ் ஸ்டான்ஃபீல்டு, அவர் மகன் ஜான், ஜேம்ஸ் பிரைன் ஆகிய ஐந்து பேர் இங்கே குடியேறினார்கள். ஆறாமவர் ஜேம்ஸ் ஹாமெட் டால்படிலுக்கே போய்விட்டார்.

1839இல் ஜேம்ஸ் பிரைன் இந்த மர ஆலயத்தில் தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தைக் கைப்பிடித்தார். அவர்களது வட்டம் மெதடிஸ்ட் வட்டம், அதாவது சேகர ஆலயத்துக்கு வெளியே தனியாகக் கூடி வழிபட்ட கிறிஸ்தவப் பிரிவு; ஜார்ஜ் லவ்லெஸ் பிரசங்கியாரும்கூட. சேகர ஆலயத்துக்கு வெளியே திருமணம் செய்யும் உரிமை 1837இலேயே வந்துவிட்டது. இருந்தும் இங்கேதான் வந்தார்கள். பெண்ணின் தகப்பன், மாப்பிள்ளை இருவருமே தண்டனைக் கைதிகளாகக் கடல் கடந்து போய் வந்தவர்கள் என்ற திருமணம் எசெக்ஸ் கிராமங்களில் எத்தனை நடந்திருக்கும்!

வந்தவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்துக்கு இங்கே ஒரு கிளை தொடங்கினார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிரசங்க மேடையிலிருந்தே கண்டனம் வந்தது. குத்தகை முடிந்ததும் 1840களின் நடுவில் ஐந்து குடும்பங்களும் கனடாவின் ஒன்டாரியோவுக்குப் புறப்பட்டுவிட்டன. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் ஆலயத்தின் பழுதுபார்ப்பு நடந்தது. ஆகவே பிரைனும் எலிசபெத்தும் நின்று சத்தியம் செய்த மண்டபத்தின் மரங்கள், அறுபடாமல், தரையை ஒட்டியே இருந்தவை.

தபால்தலையில் வந்த ஆலயம் இதுதானா?

ஆம். 1972இல் பிரிட்டிஷ் தபால் துறை கிராம ஆலயங்கள் என்ற வரிசையில் ஐந்து தபால்தலைகள் வெளியிட்டது. 3 பென்னித் தலையில் இருப்பது கிரீன்ஸ்டெட். பழைய தபால்தலைகளை வாங்கி விற்கும் கடைகளில் இன்றும் எளிதாகக் கிடைக்கும், விலையும் சொற்பம்.

எப்படிப் போவது? உள்ளே விடுவார்களா?

ஒரு காலத்தில் லண்டன் பாதாள ரயிலின் சென்ட்ரல் பாதை ஓங்கர் வரையே ஓடியது. 1994 செப்டம்பரில் எப்பிங்கோடு நிறுத்திவிட்டார்கள். மூடிய பகுதியில் இப்போது ஆர்வலர்கள் பழைய ரயில்களை ஓட்டுகிறார்கள். எப்பிங்கில் இறங்கி பஸ்ஸில் ஓங்கருக்குப் போய், அங்கிருந்து மேற்கே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடக்கலாம். எப்பிங்கிலிருந்து ஹாரிச் துறைமுகம் வரை போகும் எசெக்ஸ் வே நடைபாதை ஆலயத்தை ஒட்டியே செல்கிறது. மழைக்குப் பிறகு களிமண் காலில் அப்பும். நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

இது அருங்காட்சியகம் இல்லை, செல்ம்ஸ்ஃபோர்டு பேராயத்தைச் சேர்ந்த, வழிபாடு நடக்கும் ஆலயம். ஆராதனையோ திருமணமோ நடந்தால் வெளியே காத்திருப்பது மரியாதை. அந்த நேரத்தில் வெளிச்சுவரைச் சுற்றி வரலாம். மரத்தைத் தொட்டுப் பார்க்க ஆசை வரும். வெறுங்கையோடு லேசாகத் தொடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நகத்தால் சுரண்டவோ, காடிக்குள் எதையாவது செருகிப் பார்க்கவோ வேண்டாம்.